மலையடிவாரத்து அலையாத்தி

முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பித்தளை அண்டாதான். கூட்டம் தொடங்குமுன் மூன்று பாட்டில் தண்ணீரை அதில் ஊற்றிக் கலக்க வேண்டும் என்பது எங்கள் ஒருங்கிணைப்பாளர் ஏற்படுத்திய சடங்கு. ஒரு பாட்டில் ஆந்திர எல்லைக்கு அப்பால் நகரி ஆற்றிலிருந்து வரும். ஒரு பாட்டில் திருத்தணியில் ஓடுவதாகச் சொல்லப்படும் நந்தியாற்றிலிருந்து. மூன்றாவது, இந்த ஆறுகளெல்லாம் கொசஸ்தலையில் சேர்ந்து சென்னைக்கு வடக்கே கடலைத் தொடுகிற கழிமுகத்திலிருந்து. கலந்த தண்ணீரில் இரண்டு விரலை நனைத்து அவர் கண்ணில் ஒற்றிக்கொள்வார். போட்டோ எடுப்பவர் தயாராக இல்லையென்றால் இன்னொரு முறை ஒற்றிக்கொள்வார். முதல் கூட்டத்தில் கழிமுகத்துப் பாட்டிலைத் திறந்ததும் அடித்த நாற்றத்தில் அவர் முகம் போன போக்கு எனக்கு இன்னும் மறக்கவில்லை. அடுத்த மாதம் என்னைத் தனியே கூப்பிட்டார். "ஏம்மா, அந்த மூணாவது பாட்டில்ல நம்ம கேன் தண்ணியே புடிச்சி, ஒரு கை கல்லுப்பு போட்டு வெச்சிடு. அடையாளம்தானே" என்றார். வைத்தேன். கழிமுகம் என்றால் அந்த மனிதருக்குக் கடைசிவரை அவ்வளவுதான். கேன் தண்ணீர், ஒரு கை கல்லுப்பு.

நான் அம்மையார்குப்பத்துக்காரி. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ் என்று வளர்ந்தவள். அந்த ஒரு தகுதியில்தான் எனக்கு அங்கே வேலை கிடைத்தது. ஆற்றின் மேல்பகுதி, நடுப்பகுதி, கழிமுகம் என்று மூன்று பகுதி மக்களையும் ஒன்றுசேர்த்து, செத்துக்கொண்டிருந்த கழிமுகத்தை மீட்பதற்காக ஒரு கூட்டமைப்பு. அதன் முழுப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். கடலே கண்ணில் படாத திருத்தணியில் எதற்கு அதன் அலுவலகம் என்று யாராவது கேட்டால், இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் இருக்கிறது என்பார் ஒருங்கிணைப்பாளர். உண்மையான காரணம் மலைமேல் இருந்தது. மாதக் கூட்டம் எப்போதும் கிருத்திகை நாளில்தான் நடக்கும். கூட்டமைப்புக்குப் பணம் தரும் மேலிடத்து ஆட்கள் குடும்பத்தோடு வந்து, தரிசனம் முடித்து, நெற்றி நிறையச் சந்தனத்தோடு கீழே இறங்கி, பதினொரு மணிக்குக் கழிமுகத்தைக் காப்பாற்ற உட்காருவார்கள். சாப்பாட்டு நேரத்துக்குள் காப்பாற்றி முடித்துவிடுவார்கள்.

பேச்சை மொழிபெயர்ப்பதும் கூட்டக் குறிப்பு எழுதுவதும் என் வேலை. எழுதியதை யாருக்கும் அனுப்புமுன் அவரிடம் காட்ட வேண்டும். சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுப்பார். "மறுத்தார்" என்று நான் எழுதியிருந்தால் "கருத்துத் தெரிவித்தார்" என்று ஆகிவிடும். "கோபித்துக்கொண்டு எழுந்து போனார்" என்பது "ஆர்வத்துடன் பங்கேற்றார்" ஆகும். நகரிப் பக்கத்து விவசாயி ஒருவர் வருவார், எங்கள் எல்லோருக்கும் அவர் நைனா. மணல் லாரியை நிறுத்தத் துப்பில்லை, ஆற்றைப் பாட்டிலில் பிடித்து வரச் சொல்கிறீர்களா என்று ஒருநாள் அவர் தெலுங்கில் வெளுத்து வாங்கினார். குறிப்பில் அது "மேல்பகுதிப் பிரதிநிதி நீரின் அருமையை எடுத்துரைத்தார்" என்று வந்தது. "சார், அவர் அப்படிச் சொல்லலியே" என்று கேட்டேன். "கூட்டமைப்புன்னா ஒத்துமைம்மா. படிக்கிறவங்க மனசு கஷ்டப்படக் கூடாது" என்றார். இப்படி ஒரு ஆளுக்குக் கீழே வேலை பார்க்கிறோமே என்று உள்ளுக்குள் காறித் துப்பிக்கொண்டே அவர் சொன்னபடி திருத்தினேன். உள்ளுக்குள் துப்புவதில் என்ன வீரம் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

கழிமுகத்திலிருந்து வந்த பெண் பிரதிநிதியை நான் அக்கா என்றே கூப்பிட்டேன். ஐம்பது வயதிருக்கும். அவர் ஊர்ப் பெண்களுக்கு வலையும் கிடையாது, படகும் கிடையாது. கழுத்தளவு தண்ணீரில் குந்தி நகர்ந்தபடி, அடியிலிருக்கும் சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து, பல்லில் கடித்திருக்கும் பறி என்கிற ஓலைக் கூடையில் போடுவார்கள். அக்காவின் விரல் நுனிகள் எப்போதும் வெடித்திருக்கும். எழுத்து தெரியாது, கைநாட்டுதான். விடிகாலை ரயிலைப் பிடித்து, காவடிக் கூட்டத்தில் இடிபட்டு, கழிமுகத் தண்ணீர் கேனை மடியில் வைத்துக்கொண்டு வந்து சேருவார். அந்தத் தண்ணீரை நான் வாங்கிப் பின்பக்கச் சாக்கடையில் ஊற்றிவிட்டு உப்புப் பாட்டிலை எடுத்து வைப்பேன். அக்காவுக்கு அது தெரியாது.

அலையாத்திச் செடி நடும் திட்டம் வந்தது அப்போதுதான். அந்தச் செடி வேர் பிடித்தால் கரை நிற்கும், மீன் குஞ்சும் இறால் குஞ்சும் தங்கும். இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. நடுவதற்கு இடம் வேண்டும். பெண்கள் இறால் தடவும் சேற்றையே கேட்டார்கள், மூன்று வருடம் வேலி போட்டு வைப்பதற்கு. அந்தச் சேற்றை நம்பித்தான் அவர்கள் அடுப்பு எரிந்தது. அக்கா வீடு வீடாகப் போய், நான் இருக்கிறேன் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தார். பிறகு கூட்டத்தில் எழுந்து நின்று என்னைப் பார்த்துப் பேசினார். "எடம் தர்றோம். ஆனா ரெண்டு சொல்றேன், எழுதிக்கோ. நாத்து எங்க சேத்துலயே வுடணும், எங்க தண்ணி குடிச்சி வளரணும். ஐப்பசி மழ எறங்கி உப்பு கொறைஞ்ச பொறவுதான் நடணும். இல்லன்னா செடி நிக்காது. நிக்கலன்னா வேலிய நாங்களே பிரிச்சிடுவோம்."

ஒருங்கிணைப்பாளர் கைதட்டினார். அக்காவுக்குச் சால்வை போர்த்தினார். அடுத்த வாரமே நாற்றங்காலைத் திருத்தணிக்குப் பக்கத்தில் கே.ஜி.கண்டிகையில் போட ஏற்பாடு செய்தார். கடல் நாற்றைச் செம்மண்ணில், போர் தண்ணீரில் வளர்க்கலாம் என்று நினைக்க ஒருவருக்கு எப்படி மனம் வந்தது என்றால், அதற்கும் காரணம் வைத்திருந்தார். கூட்டமைப்பின் விதிப்படி எல்லாப் பகுதிக்கும் சம வேலை தர வேண்டுமாம், நடுப்பகுதிக்கு இன்னும் எதுவும் தரவில்லையாம். அதோடு, "மலைக்கு வர்றவங்க தரிசனம் முடிச்சி அப்படியே நம்ம நாத்தையும் பாத்துட்டுப் போவாங்க இல்ல? அந்தச் சேத்துல யாரும்மா வந்து எறங்குவாங்க?" என்றார். அக்கா சொன்னதை நான் வார்த்தை மாறாமல் எழுதியிருந்தேன். சிவப்புப் பேனா வந்தது. "கழிமுகப் பிரதிநிதி பயனுள்ள ஆலோசனைகள் வழங்கி, நிலத்துக்கு முழு ஒப்புதல் அளித்தார்." அதை அச்சடித்து, அக்காவிடம் நீட்டி, கைநாட்டு வாங்கியது நான்தான். "நான் சொன்னதுதானே கண்ணு?" என்று கேட்டார். "ஆமாக்கா, நீங்க சொன்னதுதான்" என்றேன்.

கண்டிகையில் நாற்றுகள் தளதளவென்று வந்தன. வந்தவர்களெல்லாம் அதன் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். நடவை ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் வைத்தார் ஒருங்கிணைப்பாளர், மேலிடத்துப் பெரியவர்கள் மொத்தமாக வருவது அப்போதுதான் என்பதால். நாற்றை ஏற்றிப் போக அரக்கோணத்திலிருந்து மினி லாரியோடு ஒரு பாய் வந்தார். ஒரு பையைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"ஏம்மா, இதுங்க பொறந்ததுலர்ந்து போர் தண்ணி குடிச்சிகினு கீதுங்க. நேரா கொண்டும் போயி உப்புல எறக்கினா இன்னா ஆவும்?"

"சார்கிட்ட கேளுங்க பாய்."

"கேட்டேனே. முருகன் பாத்துக்குவாருன்றாரு."

கழிமுகம் அன்று கொதித்துக்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் மழையில்லை, முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு, தேங்கிய தண்ணீர் உப்பாகவே காய்ந்துகொண்டிருந்தது. ஒருங்கிணைப்பாளரின் பேண்ட்டில் சேறு படாமல் இருக்கப் பலகை போட்டிருந்தார்கள். பலகைமேல் நின்று குனிந்து ஒரு செடியை வைத்தார். பாட்டில் தண்ணீரில் கை கழுவினார். மற்றவற்றையெல்லாம் அந்தப் பெண்கள் நட்டார்கள். அக்கா குனிந்து நட்டபடியே இருந்தார், என் பக்கம் திரும்பவே இல்லை. பத்து நாளில் இலைகள் ஓரத்திலிருந்து கருக ஆரம்பித்தன. மாதம் முடிவதற்குள் வேலிக்குள் குச்சிகள்தான் நின்றன. "நடவு வெற்றிகரமாக நிறைவேறியது" என்று மேலிடத்துக்கு அறிக்கை போனது. நடவு நிறைவேறியது உண்மைதான்.

செடி போனது, வேலி போகவில்லை. மூன்று வருடக் கணக்கு இருக்கிறதே என்றார் ஒருங்கிணைப்பாளர். பெண்கள் ஆழமான வாய்க்காலைக் கடந்து அக்கரைச் சேற்றுக்குப் போக வேண்டியதாயிற்று. மழை இறங்கியபோது ஒருத்தி நீரின் இழுப்பில் சிக்கி, நல்லவேளையாகப் பிழைத்தாள். அன்றிலிருந்து அக்காவோடு தெருவில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. குழாயடியில் அவர் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

இதெல்லாம் அக்கா சொல்லித்தான் தெரியும். ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, ஒருங்கிணைப்பாளர் ஊரில் இல்லாதபோது, அலுவலகத்துக்கு வந்தார். கையில் கேன் இல்லை. நாற்காலியில் உட்காராமலே, "அன்னிக்கி நான் சொன்னத படி" என்றார். கோப்பை எடுத்துப் படித்தேன். படித்து முடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

"நான் சொன்னது எங்க கீது?"

"சார் மாத்தச் சொன்னாருக்கா."

"அவுரு சொன்னாரு. எழுதனது யாரு கை?"

கோப்பை மூடிவைத்தேன். அக்காவே பேசினார். "வேலிய பிரிப்பேன்னு உங்க சாராண்ட போன்ல சொன்னேன். போலீசுக்கு எழுதிக் குடுப்பாராம். நான் முழுசா ஒத்துக்கினேன்னு கைநாட்டு கீதாம். செடி செத்ததுக்கு நான் அழல. எங்க பொம்பளைங்களாண்ட நான் பொய்க்காரியா நிக்கிறேன். நீ படிச்சவ, ஆமாக்கான்னு சொன்ன, நம்பிக்கினு வெரல வெச்சேன்."

என் வாழ்க்கையில் யாரும் என்னை அதைவிட மோசமாகத் திட்டியதில்லை. அவர் குரலைக்கூட உயர்த்தவில்லை.

"இப்ப எழுது" என்றார். எழுதினேன். நாற்று எங்கே விட வேண்டும் என்று சொன்னார், எப்போது நட வேண்டும் என்று சொன்னார், அதைச் சொன்ன கூட்டம் எது, அப்போது யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று எல்லாம் சொன்னார். சொன்னபடி நடக்காததால் வருகிற கிருத்திகை அன்று வேலியைப் பிரிக்கப் போவதாகவும் சொன்னார். கீழே, அன்றைய குறிப்பைத் திருத்தி எழுதியது நான்தான் என்று நானாக ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். முழுவதையும் திருப்பிப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "ஆங்" என்று சொல்லிவிட்டுக் கட்டைவிரலை வைத்தார்.

அன்று மாலைக்குள் மூன்று பகுதி உறுப்பினர்களுக்கும் மேலிடத்துக்கும் அனுப்பிவிட்டேன். மறுநாள் வந்த ஒருங்கிணைப்பாளர் கருகிய செடியைப் பற்றிக் கேட்கவில்லை, அக்காவைப் பற்றியும் கேட்கவில்லை. "என்கிட்ட காட்டாம எப்படிம்மா அனுப்பலாம்?" என்று கேட்டார். அதைத் தவிர அவருக்கு வேறு எதுவும் வலிக்கவில்லை. எனக்கு வேலை போயிற்று. நைனா மட்டும் போன் செய்து வெகுநேரம் சிரித்தார். சொன்ன நாளில், இங்கே எல்லோரும் சந்தனத்தோடு மலையில் நின்ற நேரத்தில், அங்கே பெண்கள் வேலியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இறால் தடவ இறங்கினார்கள். அந்தக் கடிதம் இத்தனை பேர் கையில் இருந்ததால் ஒருங்கிணைப்பாளர் போலீசுக்குப் போகவில்லை. கோழைக்கு அந்தக் கணக்கு மட்டும் சரியாக வரும். அக்காவோடு இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் பழைய மாதிரி இல்லை என்று அக்காவே சொல்லியிருக்கிறார்.

நான் இப்போது ஆர்.கே.பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு எழுதித் தருகிறேன். ஒருங்கிணைப்பாளர் இன்னும் பெரிய கூட்டமைப்புக்குப் போய்விட்டார், அதில் நான்கு பாட்டில் ஊற்றுகிறார்களாம். போன வாரம் அவருடைய ஆட்கள் கடைக்கு வந்தார்கள். சாருக்கு மணிவிழா, மலர் போடுகிறோம், அவரோடு வேலை பார்த்த நினைவுகளை இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள், பழசையெல்லாம் சார் மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்றார்கள். அவர் மனதில் வைத்துக்கொள்ளவில்லையாம். எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

எழுத உட்காருமுன் அக்காவுக்குப் போன் செய்தேன். அவர் பெயரைப் போட மாட்டேன், ஆனால் நடந்ததை எழுதப் போகிறேன், சரிதானா என்று கேட்டேன். பின்னால் தண்ணீர்ச் சத்தமும் பெண்களின் பேச்சும் கேட்டன. அக்கா சொன்னார்.

"எழுது கண்ணு. இந்த தபா அந்தாளாண்ட காட்டாத."