நாற்பத்துமூன்று பெண்களும் ஒரு திருத்தமும்

ஒரு மாலைப் பத்திரிகையின் உதவி ஆசிரியர் அவர். அலுவலகத்தில் எல்லோரும் தசமம் என்றுதான் அழைப்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. காய்ச்சல் எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டபோது இரண்டு புள்ளி நான்கு நாளாக என்று பதில் சொன்னவர். அதை டாக்டரே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்ததில் ஒட்டிக்கொண்ட பட்டம் அது.

அச்சுக்குப் போகும் எண்கள் எல்லாம் அவர் மேசையைத் தாண்டித்தான் போகவேண்டும். மேசைக்கு மேலே சுவரில் அவரே எழுதி ஒட்டிய அட்டை. ஒன்று முதல் ஒன்பது வரை எழுத்தில் எழுது, 10 முதல் எண்ணில் எழுது. வாக்கியத்தை எண்ணால் தொடங்காதே. சதவீதம் என்றால் எதில் சதவீதம் என்று சொல். ஒரு நிருபர் ‘சுமார் 217 ஆடுகள்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு அரை நாள் பாடம் கேட்டார். ஒவ்வோர் ஆடாக எண்ணியவனுக்குச் ‘சுமார்’ எதற்கு, எண்ணாதவனுக்கு அந்தப் பதினேழு எங்கிருந்து வந்தது என்பது தசமத்தின் கேள்வி. அந்த நிருபர் அதற்குப் பிறகு ஆடுகள் இருக்கும் பக்கமே போவதில்லை.

இத்தனை கெடுபிடி உள்ள பத்திரிகையில் ஒரே ஓர் எண்ணுக்கு மட்டும் விலக்கு உண்டு. கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண் தசமத்தின் மேசைக்கு வராது. அது ஆசிரியரின் அறையில், அவர் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் பிறந்துவிடும். வேண்டியவர் நடத்திய கூட்டம் என்றால் பத்தால் பெருக்கு, வேண்டாதவர் கூட்டம் என்றால் ‘சிலர்’. வர நினைத்து வரமுடியாமல் போனவர்களும் வந்த மாதிரிதான் என்று ஆசிரியர் இதற்கு ஒரு தத்துவமும் வைத்திருந்தார். 600 நாற்காலி உள்ள மண்டபத்தில் 6,000 பேர் உட்கார்ந்து பேச்சைக் கேட்டதாகச் செய்தி வந்த அன்று, அதே பக்கத்தில் கோழிப்பண்ணைத் தீவிபத்தில் உடைந்த முட்டைகள் 1,214 என்று பிசகாமல் இருந்தது. முட்டைகள் தசமத்தின் பொறுப்பு, மனிதர்கள் இல்லை. இருபத்திரண்டு வருடமாக அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்யும் வாய் ஆசிரியர் அறை வாசலில் மட்டும் தானாகப் பூட்டிக்கொள்ளும்.

அப்படியே ஓய்வுபெற்றும் போயிருப்பார். அவர் தெருவுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்துபோனது.

பதினேழு நாள் குழாயில் காற்றுதான் வந்தது. தசமத்தின் மனைவி தையல்காரி. விடியற்காலையில் இரண்டு தெரு தள்ளிப் போய்த் தண்ணீர் சுமந்துவிட்டு, அந்த முதுகோடு பகலெல்லாம் மெஷினில் உட்காருவாள். நாளைக்குப் பன்னிரண்டு வாளி சுமக்கிறாள் என்று தசமம் துல்லியமாகச் சொல்வார். அதில் ஒரு வாளியை அவர் தூக்கியதாகக் கணக்கில்லை. கடைசியில் அவளே வீடு வீடாகப் போய்ப் பேசி, ஒரு திங்கட்கிழமை காலை தெருப் பெண்களைக் காலி வாளிகளோடு குடிநீர் அலுவலகத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள்.

உன் தெருச் சங்கதிதானே, நீயே எழுதிவிடு என்று ஆசிரியர் தசமத்தை அனுப்பினார். வாளிக்கூட்டத்துக்கு நிருபர் ஒரு கேடா என்பது அவர் எண்ணம். தசமம் எதிரே இருந்த டீக்கடைப் பெஞ்சில் ஏறி நின்று, வரிசை வரிசையாக, முன்னிருந்து ஒரு தடவையும் பின்னிருந்து ஒரு தடவையும் எண்ணினார். அவர் எண்ண ஆரம்பிக்கும்போதே மனைவி வரிசையை விட்டு வந்து பெஞ்சோரம் நின்றாள். நூற்றுக்கணக்கானோர் என்று போடச்சொல்லிக் கெஞ்சினாள், ஊரில் யார்தான் போடவில்லை என்றாள். அவர் அசையவில்லை. அன்று மாலைப் பதிப்பில் ஐந்தாம் பக்கம், டயர் விளம்பரத்துக்குக் கீழே, ‘தண்ணீர் கேட்டு 43 பெண்கள் மறியல்’ என்று வந்தது.

மறுநாள் மோட்டார் எப்போது வரும் என்று கேட்கப்போன பெண்களைக் குடிநீர் அலுவலக இன்ஜினியர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. நாலு பேருக்காக மோட்டார் மாற்ற முடியுமா என்று கேட்டாராம். மனைவி வந்து சொன்னதும் தசமத்துக்குத் தலைக்கேறியது. புதன்கிழமை காலை பத்திரிகையும் கையுமாக இன்ஜினியர் முன்னால் போய் நின்றார்.

இன்ஜினியர் கெட்ட மனிதர் இல்லை. தசமத்துக்கு டீ கூடச் சொன்னார்.

“உங்க பேப்பர்ல 43ன்னு போட்டா நாலு பேர்னுதான் சார் அர்த்தம். 6,000 பேர்னு போட்டீங்களே, அந்த மண்டபத்துல அன்னிக்கு நானும் உட்கார்ந்திருந்தேன். அதுலேர்ந்து உங்க பேப்பரைப் பத்தால வகுத்துத்தான் படிக்கிறேன். எங்க ஆபீஸ்ல எல்லாருமே அப்படித்தான்.”

நாற்பத்துமூன்றைப் பத்தால் வகுத்தால் நாலு பெண்களும் இன்னொரு பெண்ணில் பத்தில் மூன்று பங்கும் வரும். அந்தப் பங்கை இன்ஜினியர் பெருந்தன்மையாக விட்டுவிட்டிருந்தார். தசமம் டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தார். அவருக்கு அவமானமாக இருந்தது. தான் காவல் காத்த அத்தனை எண்களையும் ஊர் இப்படித்தான் படித்திருக்கிறது என்று நினைத்தபோது அழுகைகூட வந்தது.

உண்மையைச் சொல்ல வேண்டுமானால் இனி 430 என்று பொய் எழுதவேண்டும். ஆசிரியரிடம் போய்ச் சொன்னார். அவருக்கு ஒரே சந்தோஷம், நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

“இப்பத்தான்யா நீ பத்திரிகைக்காரன் ஆனே. 430 எதுக்கு, 4,300ன்னே போடு. நாளைக்கு எவனாவது நூறால வகுத்தாலும் தாங்கும்.”

தசமம் உட்கார்ந்து 430 என்று எழுதினார், அடித்தார். திரும்ப எழுதினார், திரும்ப அடித்தார். பழகாத கை படியவில்லை. பிறகுதான் அவருக்கு ஒன்று தோன்றியது. எண்ணைத்தானே வகுக்க முடியும்? பெயரை வகுக்க முடியாதே.

அன்று மாலை வீட்டில் மனைவி மறியலுக்கு வந்தவர்களின் பெயரையும் கதவு எண்ணையும் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். எழுதி முடித்துக் கூட்டினால் 44 வந்தது. ஒருத்தி பெயர் இரண்டு தடவை வந்திருக்கும் என்று பார்த்தார், இல்லை. வராத யாரையோ அவள் சேர்த்துவிட்டாள் என்று சண்டைக்கு நின்றார். அவள் ஒவ்வொருத்தியும் எங்கே நின்றாள், என்ன நிற வாளி வைத்திருந்தாள் என்று சொன்னாள். அவர் மூன்றாம் தடவை எண்ண ஆரம்பித்தபோது ஊசியைத் துணியில் குத்திவிட்டு நிமிர்ந்தாள்.

“என்னை எண்ணுனீங்களா?”

தசமத்தின் பென்சில் நின்றுவிட்டது. அன்று அவள் பெஞ்சோரம் அவர் பக்கத்தில் நின்றிருந்தாள். அவர் எதிரில் நின்றவர்களை மட்டுமே எண்ணியிருந்தார்.

வியாழக்கிழமை காலை, திருத்தம் போடவேண்டும் என்று அவர் சொன்னதும் ஆசிரியருக்கு முகம் வெளுத்துவிட்டது. எண் தப்பு என்று அந்தப் பத்திரிகை அதுவரை ஒப்புக்கொண்டதே இல்லை. ஒரு பொம்பளைக்காகத் திருத்தம் போட்டால், நாளைக்கு இதுவரை போட்டதையெல்லாம் எவனாவது எண்ணக் கிளம்பிவிடுவானே என்று புலம்பினார்.

“அதெல்லாம் உங்க மேசை சார். இது என் மேசை,” என்றார் தசமம். இருபத்திரண்டு வருடத்தில் ஆசிரியரை எதிர்த்து அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். பேச்சு பலித்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் நடந்தது வேறு. மெத்தைக் கடைக்காரர் விளம்பரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டதால் அரைப் பத்தி காலியாகக் கிடந்தது. நியாயத்துக்கு இடம் கொடுக்காத ஆசிரியர் அதை நிரப்ப இடம் கொடுத்தார்.

திருத்தம் வந்தது. மறியல் செய்த பெண்கள் 43 பேர் அல்ல, 44 பேர். விடுபட்டவர் செய்தியை எழுதியவரின் மனைவி. அதன் கீழே கதவு எண்ணோடு நாற்பத்துநான்கு பெயர்கள்.

இன்ஜினியர் பழக்கதோஷத்தில் வகுக்கப் பார்த்திருக்கிறார். எட்டாவது பெயர் அவருடைய சொந்தக் கொழுந்தியாள். கொழுந்தியாளைப் பத்தால் வகுக்கிற ஆண்மகன் இன்னும் பிறக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே புது மோட்டார் வந்து இறங்கியது. பத்தரைக்குத் தெருவில் தண்ணீர் வந்தது.

தசமத்துக்கு அன்று விடுப்பு. பத்திரிகையை முதல்நாளே மெஷின் மேல் விரித்து வைத்திருந்தார். குழாயில் தண்ணீர் வரும்வரை மனைவி அதைத் தொடவில்லை. வாளிகளை எல்லாம் நிரப்பிவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, திருத்தத்தை இரண்டு தடவை படித்தாள். அவள் ஏதாவது பாராட்டுவாள் என்று அவர் காத்திருந்தார்.

“விடுபட்டவர்னு போட்டிருக்கீங்க,” என்றாள். “எத்தனை வருஷமான்னு போடலையே.”

அந்த எண் அவருக்குத் தெரியும், மாதம் தேதியோடு தெரியும்.