புத்தகத்தில் இல்லாத இழுவை

காலரைத் தேய்க்கும்போது பல்லவி. இடது கைக்கு முதல் சரணம், வலது கைக்கு இரண்டாவது. சட்டையைத் திருப்பி முதுகுப்பக்கம் போட்டால் மறுபடியும் பல்லவி. இஸ்திரி அண்ணன் புதுப்பாட்டு படிப்பது இப்படித்தான். மேஜை ஓரத்தில் சாய்த்து வைத்த கைப்பேசியில் யாரோ பாடிக்கொண்டிருப்பார்கள். ஒரு வரி கேட்டதும் அதை நிறுத்திவிட்டு, ஈரத்துணியிலிருந்து கிளம்பும் ஆவிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அதே வரியை முணுமுணுப்பார். சட்டையும் பாட்டும் ஒன்றாக முடிய வேண்டும். பாட்டு முந்திக்கொண்டால் 'இன்னும் உள்ள இறங்கல' என்று அடுத்த சட்டையை உருவுவார்.

தெருக்காரர்கள் பாவம். கைமடிப்பில் ஒரு கோட்டுக்கு இரண்டு கோடு விழுந்திருந்தால் அந்த வாரம் புதுப்பாட்டு என்று தெரிந்துகொள்ளலாம். ஒருமுறை நான் சண்டைக்கே போய்விட்டேன். சட்டையை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவர், கொஞ்சமும் வெட்கப்படாமல், "அது ரெண்டாவது சரணம் டீச்சர். இன்னும் பிடிபடல" என்றார். இந்த மனிதரிடம் எப்படிக் கோபப்படுவது?

ஞாயிற்றுக்கிழமை சபையில் பாட்டு எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். முதல் பெஞ்சின் ஓரத்தில், எங்களைப் பார்க்கத் தோதாக ஒருக்களித்து நிற்பார். குரல் ஒன்றும் தேன் அல்ல. ஆனால் அவர் எடுத்தால் பின்வரிசைக் கிழவர் வரைக்கும் பாட வரும். நன்றாகப் பாடத் தெரிந்த ஒருத்தி எடுப்பான குரலில் ஒருநாள் ஆரம்பித்து, சரணத்தில் சபையே தொண்டை அடைத்து நின்றபோது, "பரண்மேல தூக்கி வச்சா யாரும்மா எடுப்பா? கைக்கு எட்டுற மாதிரி வை" என்று தாழ்வான சுருதியில் மறுபடி தொடங்கிவைத்தார். புதுப்பாட்டு என்றால் வரி வரியாகச் சொல்லிக் கொடுப்பார். நாங்கள் முனகினால், "கொட்டாவிக்குத் திறக்கிற அளவாவது வாயைத் திறங்க" என்பார்.

எங்கள் ஆராதனை எப்போதும் ஒரே பாட்டில்தான் தொடங்கும். அதன் இரண்டாம் அடி முடிவில் ஓர் இழுவை உண்டு. அது நர்ஸ் அக்காவால் வந்த வினை. அக்கா என்று நாங்கள் கூப்பிட்டது அண்ணனின் மனைவியை. சனிக்கிழமை ராத்திரி டியூட்டி முடித்து, பஸ் பிடித்து, வெள்ளை யூனிஃபார்மோடு அவர் வாசலில் தலைகாட்டவும் இரண்டாம் அடி முடியவும் சரியாக இருக்கும். மூன்றாம் அடி அக்காவுக்கு உயிர். அதைத் தவறவிடக் கூடாதென்று, அக்கா வந்து சேரும்வரை அண்ணன் அந்தக் கடைசிச் சொல்லை விடாமல் இழுப்பார். பஸ் தாமதமான நாட்களில் எங்களுக்கு மூச்சு முட்டிவிடும். அக்கா ஓட்டமும் நடையுமாக வருவார். அவருக்கு இடம் பிடித்து பெஞ்சில் வைத்திருக்கும் பாட்டுப் புத்தகத்தை அண்ணன் எடுத்துக்கொண்டு ஓர் ஆள் அளவுக்கு நகர்வார். அப்புறம்தான் மூன்றாம் அடி. அக்காவின் குரலும் சுமார்தான். ஆனால் அப்போது அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணமாகி அத்தனை வருஷம் ஆனவர் முகம் மாதிரியா இருக்கும்?

போன வருஷம் அக்கா இறந்துபோனார். இழுவை மட்டும் பாட்டில் அப்படியே தங்கிவிட்டது. அது மெட்டிலேயே உள்ளதென்றுதான் எங்கள் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அண்ணனும் வாரம் தவறாமல் பெஞ்சில் புத்தகத்தை வைத்தார். ஆராதனை முடியும்வரை அது எடுப்பாரில்லாமல் அங்கேயே கிடக்கும்.

இந்த நேரத்தில்தான் சபைக்குக் கீபோர்டு வந்தது. வாசிப்பவர் போதகரின் மருமகன். நல்ல பிள்ளை, வெளியூரிலிருந்து வந்தவர், பழங்கதை எதுவும் தெரியாது. பயிற்சியின்போது அவர் தயங்கித் தயங்கித்தான் கேட்டார். "அண்ணே, அந்த இடத்துல இழுக்கறது புத்தகத்துல இல்லையே. என் கை முன்னாடி போயிடுது." அண்ணன் புத்தகத்தைப் புரட்டி அந்த வரியில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு, "இல்லதான் தம்பி. எடுத்துடலாம்" என்றார்.

மறுநாளே கடைக்குப் போய், வாய் என்ன பூட்டிக் கிடந்ததா, காரணத்தைச் சொன்னால் அந்தப் பிள்ளை கேட்க மாட்டாரா என்று பிடிபிடியென்று பிடித்தேன். அண்ணன் ஒரு தலையணை உறையைத் தேய்த்து முடித்து மடித்து வைத்தார்.

"என்னன்னு சொல்லச் சொல்றீங்க? அவ வர்றா, கொஞ்சம் பொறுங்கன்னா?"

இஸ்திரிப் பெட்டியை ஓரமாக நிமிர்த்தி வைத்தார்.

"துணியெல்லாம் கொடுத்தாச்சு டீச்சர். செருப்பும் கொடுத்தாச்சு. அந்த ஒரு எடத்துலதான் இன்னும் வந்துட்டிருந்தா."

அடுத்த உறையை எடுத்து உதறினார். அன்றைக்கு அவர் பாடவில்லை. என் வீட்டுச் சட்டைகளில் ஒரே கோடுதான் விழுந்திருந்தது. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை எனக்கு.

அந்த ஞாயிறு நான் வழக்கம்போல இரண்டாம் பெஞ்சில் இருந்தேன். பழக்க தோஷம், அண்ணன் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் பாட்டை எடுத்தார். முதல் அடி போயிற்று. இரண்டாம் அடி முடிந்ததும், கொடுத்த வாக்குத் தவறாமல் மூன்றாம் அடிக்குத் தாவினார். கீபோர்டும் கூடவே தாவியது.

சபை தாவவில்லை. பொடிசுகள் முதல் பின்வரிசைக் கிழவர்வரை இரண்டாம் அடியின் கடைசிச் சொல்லைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றோம். யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. சத்தியமாக வீம்பும் இல்லை. எங்களுக்கு அந்தப் பாட்டு வேறு மாதிரி வராது, அவ்வளவுதான். அவர் சொல்லிக் கொடுத்ததுதானே!

மருமகன் கட்டைகளிலிருந்து கையை எடுத்துவிட்டார். தன்னந்தனியாக நாலு சொல் பாடிய அண்ணனும் நிறுத்திவிட்டார். எங்களைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். நாங்கள் மூச்சைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தோம்.

அவர் குனிந்து, பெஞ்சில் கிடந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு, ஓர் ஆள் அளவுக்கு நகர்ந்து நின்றார்.