கருப்புப் பட்டை ஒட்டிய காமிரா

போன மாதம் ராயபுரத்தில் என் அண்ணன் பேத்திக்குக் கல்யாணம். மாதா கோயில் வாசலில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த பையன், காமிராவின் நெற்றியில் கருப்புப் பட்டை ஒட்டியிருந்தான். கீழே விழுந்து அடிபட்டதோ என்னவோ என்று, புது ஆட்களிடம் வாயே திறக்காத நான் கேட்டுவிட்டேன்.

"உள்ள கம்பெனி பேரு கீது ஆயா. வெள்ளையா பளபளன்னு இருந்தா எல்லாரும் லென்ஸை வுட்டுட்டு அதையே பாக்குறாங்க. திருடனும் அதைத்தான் பாக்குறான்" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சூடேறிய விளக்கு வாசனை வந்தது. அதோடு பவுடர், மல்லிகை, இருட்டறையிலிருந்து வரும் புளித்த மருந்து வாடை. அறுபதுகளில் எங்கள் தெருக்கோடி ஸ்டுடியோ அப்படித்தான் மணக்கும். வெளியே வந்தால் காசிமேட்டுக் கருவாடு எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும், அது வேறு.

காலடிப்பேட்டையில் ஒரு மாப்பிள்ளை, எண்ணூர்ப் பக்கம் கம்பெனி வேலை. என் போட்டோ கேட்டிருந்தார்கள். நைனா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். இது தட்டிப்போனால் இப்படி ஓர் இடம் இனி வராது என்று வீட்டில் எல்லோருக்கும் பயம்.

"இங்க பாரும்மா" என்றார் ஸ்டுடியோக்காரர். தெரியாத ஆம்பளை, எங்கே பார்ப்பது, நீங்களே சொல்லுங்கள். காமிராமேல் இங்கிலீஷ் எழுத்துகள் விளக்கில் மின்னின. நான் அஞ்சாவது வரைக்கும் போனவள், பெரிய எழுத்து மட்டும் தெரியும். நடுக்கம் அடங்கட்டும் என்று ஒவ்வொன்றாக முணுமுணுத்துப் படித்தேன். அதற்குள் எடுத்துவிட்டார்.

ஒரு வாரத்துக்குள் தரகு பேசிய அம்மா வந்தாள். "வாயி கோணிக்கினு கீது, கண்ணு மேல சொருவிக்கினு கீது, பொண்ணுக்கு வலிப்பு கிலிப்பு கீதான்னு மாப்பிள்ளையோட அம்மா கேக்குது."

என் அம்மா அழ ஆரம்பித்தாள். நைனா என்னை ஸ்டுடியோவுக்கு இழுத்துக்கொண்டு போனார். "யோவ், என் பொண்ணை இன்னாய்யா பண்ணி வச்சிருக்கே?"

ஸ்டுடியோக்காரர் என்னைத்தான் கேட்டார். "இன்னாம்மா பாத்தே நீ?"

"எழுத்து படிச்சேண்ணா" என்றேன், தரையைப் பார்த்து.

அவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. நைனா முறைத்ததும் அடங்கி, பிலிம் டப்பாவைச் சுற்றியிருந்த கருப்புப் பட்டையைக் கிழித்து எழுத்துகள்மேல் ஒட்டினார். "இப்ப படி, பாக்கலாம்!"

அந்தப் பட்டையை அவர் பிறகு எடுக்கவே இல்லை. கப்பலில் வந்த திருட்டுக் காமிரா, அதனால்தான் பேரை மறைக்கிறான் என்று தெருவெல்லாம் பேச்சு. நிஜத்தைச் சொல்ல எனக்கு வெட்கம்.

இரண்டாவது போட்டோவில் மூக்கும் முழியுமாக இருந்தேன். அதே மாப்பிள்ளையோடு கல்யாணம் நடந்தது. கொஞ்ச நாள் கழித்து அவருடைய தகரப்பெட்டியைத் துடைத்தால், அடியில் அந்த முதல் போட்டோ! கிழித்துப் போடச் சொன்னேன். பிடுங்கிக்கொண்டார்.

"ரெண்டாவதுல பயந்து முழிச்சிக்கினு கீறே. இதுல நீபாட்டுக்கு இன்னாவோ சொல்லிக்கினு கீறே. இன்னா சொன்னேன்னு கேக்கத்தான் உன்னைக் கட்டிக்கினேன்."

சொன்னேன். அதிலிருந்து அடுப்படியில் நான் தனியாக முணுமுணுத்தால் போதும், வாசலிலிருந்து குரல் வரும்: "இன்னா படிக்கிறே?"

ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அந்தப் போட்டோ ஒரு மழையில், வீட்டுக்குள் புகுந்த தண்ணீரில் ஊறிப் போனது. அவரும் போய்விட்டார்.

"ஆயா, இங்க பாரு" என்றான் பையன். பார்த்தேன். பட்டையில் படிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் உதடு அசைந்திருக்கிறது.

"வாயை ஆட்டாத ஆயா, போட்டோ கெட்டுடும்" என்றான். என்ன படிக்கிறேன் என்று கேட்கவில்லை.