நோன்புக்கு ஒரு மாத்திரைக் கவர்

குமணன்சாவடியிலிருந்து பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியில் இருக்கிற மனோகரன் மெடிக்கல்ஸில் பூங்காவனம் மருந்தாளுநர். பத்தொன்பது வயதில் அங்கே பில் எழுதச் சேர்ந்தவர். அலமாரியில் எது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்குமளவுக்குப் பழகிய பிறகு, முப்பது வயதில் டி.பார்ம் படிக்கப் போனார். இப்போது நாற்பத்தெட்டு. கவரில் எழுதாமல் ஒரு மாத்திரையைக்கூட அவர் வெளியே விட்டதில்லை. சூரியனும் நிலாவும் அச்சடித்த கவர்கள்தாம் கடைக்கு வருகின்றன. அவருக்கு அது போதாது. "காலை ஒன்று, சாப்பாட்டுக்கு அரை மணி முன்" என்று உருட்டி எழுதி, வாங்குகிறவரைப் படித்துக் காட்டச் சொல்லி, அதற்குப் பிறகுதான் கையை எடுப்பார்.

அப்படி அவர் எழுதிய ஒரு கவரால்தான் போன வருட ரமலானில் ஹபிபுல்லா பாய் தையல் மிஷின் மேலேயே சாய்ந்துவிட்டார்.

ஹபிபுல்லா லாரிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் சீட் தைக்கிறவர். அறுபத்திரண்டு வயது, பதினோரு வருடமாகச் சர்க்கரை. ஆறாவது நோன்பன்று பகல் பன்னிரண்டு மணிக்கு வியர்த்துக் கொட்டி விழுந்தவரை, அவர் மனைவி ஷரீஃபுன்னிசா வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி மீட்டார். மறுவாரம் மாத்திரை வாங்க வந்தபோது பாய் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"நீ எழுதன மாரிதாம்மா போட்டேன். காலீல ஒண்ணு, ராத்திரி அரை. சஹர் காலீலதான?"

குறையாகச் சொல்லவில்லை. ஆனால் பூங்காவனம் அந்தப் பழைய கவரைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அவர் கையெழுத்துதான். காலை அளவு பெரியது. காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் பின்னாலேயே வரும் என்ற கணக்கில் டாக்டர் கொடுத்தது. விடியுமுன் சாப்பிடும் சஹரில் அதைப் போட்டுவிட்டுப் பொழுது சாயும்வரை ஒன்றும் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை எங்கே நிற்கும்? இருபத்தெட்டு வருடமாக இந்த ஊரில் மாத்திரை கொடுக்கிறோம், இதைக் கேட்கத் தோன்றவில்லையே என்று அவருக்கு உறுத்திற்று. அந்த வருடம் பாய் மீதி நோன்பைப் பிடிக்கவில்லை. பெருநாளன்று பிரியாணி கொண்டுவந்து கொடுத்த ஷரீஃபுன்னிசா, "வர்ற வருசமும் இவர வைக்க வுட மாட்டேன்" என்றார். பாய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மதியம் இரண்டிலிருந்து நாலு வரை கடையில் கூட்டம் இருக்காது. அந்த நேரத்தில் பில் போடும் கம்ப்யூட்டரில் இணையத்தைத் திறப்பது பூங்காவனத்துக்கு ரொம்ப நாள் பழக்கம். தரம் தவறிய மருந்துகள் என்று அரசு மாதாமாதம் வெளியிடும் பட்டியலைப் பார்த்து, பேட்ச் எண்ணை அலமாரியோடு ஒப்பிடுவார். இரண்டு மருந்து ஒன்றுக்கொன்று ஆகுமா ஆகாதா என்று தேடுவார். புதிதாக ஒரு தளத்துக்குப் போனால் முதலில் பக்கத்தின் அடிக்கு இறங்கிவிடுவார். யார் எழுதியது, கடைசியாக எப்போது திருத்தியது, காசு போட்டது யார்? மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மூடிவிடுவார். ஓரத்தில் மூட்டுவலி எண்ணெய் விளம்பரம் ஓடினால் படிக்கவே மாட்டார்.

நோன்பையும் சர்க்கரையையும் சேர்த்துத் தேடியபோது முதலில் வந்ததெல்லாம் அந்த ரகம்தான். நாலாவது நாள், சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இன்னொரு அமைப்போடு சேர்ந்து மருத்துவர்களுக்காக வெளியிட்ட கையேடு கிடைத்தது. இலவசம். எழுதியவர்கள் பெயர், வருடம், எல்லாம் இருந்தது. பக்கங்கள் முந்நூறுக்கு மேல்.

"இன்னாமா, பில்லு போடற மிஷின்ல டாக்டர் பட்டம் வாங்கப் போறியா?" என்றார் கடை முதலாளி மனோகரன்.

"வாங்குனா உங்க போர்டுலதான் சார் போடப் போறீங்க. பிரின்டர் மை தீந்துபோச்சு, வாங்கி வைங்க."

தினம் ஐந்து பக்கம் படித்தார். தெரியாத சொல்லை ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டார். நோன்பு வைக்க நினைக்கும் நோயாளிக்கு எவ்வளவு ஆபத்து என்று மதிப்பெண் போட அதில் ஓர் அட்டவணை இருந்தது. எத்தனை வருடமாகச் சர்க்கரை, என்ன மருந்து, போன நோன்பில் என்ன ஆயிற்று, என்ன வேலை செய்கிறார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். நோன்புக்கு ஆறு வாரம் முன்பே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றும் இருந்தது. இந்த வருடம் ரமலானுக்கு ஏழு வாரம் இருக்கும்போதே பூங்காவனம் பாயைக் கூப்பிட்டு ஸ்டூலில் உட்கார வைத்தார். ஷரீஃபுன்னிசாவும் கூடவே வந்தார்.

"பாய், உங்க மிஷின் கால்ல மிதிக்கறதா, மோட்டாரா?"

"சர்க்கரைக்கும் மோட்டாருக்கும் இன்னாமா கீது?"

"கீது, சொல்லுங்க."

"மோட்டார்தான். ஆனா ரெக்சின் ரோலு நான்தான் தூக்கறேன்."

"நானு தூக்க வேணாம்னுதான் சொல்றேன்" என்றார் ஷரீஃபுன்னிசா. "கேக்க மாட்டாரு. பேரீச்சம்பழம் துன்னா சர்க்கரையே போய்டும்னு வாட்சப்ல எவனோ அனுப்பிக்கீறான், அத மட்டும் நம்புவாரு."

மொத்த மதிப்பெண் நடுத்தர ஆபத்தில் வந்து நின்றது. பூங்காவனம் எண்ணைச் சொல்லவில்லை. சொல்வது தன் வேலை இல்லை என்று நினைத்தார். அட்டவணையையும், மாத்திரை நேரம் பற்றிய இரண்டு பக்கத்தையும் அச்செடுத்து, பாய் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ஜெபாவுக்கு ஒரு உறையில் போட்டுக் கொடுத்தனுப்பினார். "மேடம், உங்க பார்வைக்கு" என்று மட்டும் எழுதியிருந்தார்.

டாக்டர் ஜெபா அன்று சாயந்திரமே போன் செய்தார். "இந்தக் கையேடு எனக்குத் தெரியும் பூங்காவனம். ஆனா அவரு நோன்பு வைக்கிறவருன்னு ஒரு தடவகூட எங்கிட்ட சொன்னதில்ல. நானும் கேக்கல."

"நானும்தான் மேடம் கேக்கல."

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சீட்டை மாற்றி எழுதினார். முழு மாத்திரை நோன்பு திறந்த பிறகு. சஹருக்குப் பாதி மட்டும். பகலில் மூன்று முறை விரலில் குத்திப் பார்க்க வேண்டும். எழுபதுக்குக் கீழே வந்தால் எத்தனை மணியானாலும் உடனே நோன்பை விட்டுவிட வேண்டும். இதற்குச் சம்மதம் என்றால்தான் நோன்பு.

சீட்டோடு கடைக்கு வந்த பாய், விரலில் குத்துகிற இடத்தில்தான் தயங்கி நின்றார். "மாத்திரைய மாத்திக்கலாம். நோன்போட ரத்தம் எடுத்தா நோன்பு இன்னா ஆவும்?"

"முறியாதுன்னு இந்தக் கையேட்டுலயே போட்டுருக்கு பாய்."

"தோ பாரும்மா, மாத்திரைக்கு நீ சொல்லு, கேட்டுக்கறேன். மார்க்கத்துக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தான் நான் கேக்கணுமா?"

ஷரீஃபுன்னிசா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பூங்காவனம் கையால் தடுத்தார். பாய் கேட்டது அவருக்கு நியாயமாகப் பட்டது. யார் சொன்னது என்று பார்க்காமல் தானும் எதையும் நம்புவதில்லையே.

"கரெக்ட் பாய். இது நான் சொல்ற விசயம் இல்ல. பள்ளிவாசல் ஹஜ்ரத்கிட்ட கேட்டுட்டு வாங்க. அவரு கூடாதுன்னா டாக்டருகிட்ட திரும்பப் பேசலாம்."

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பாய் நேராகக் கடைக்கு வந்தார். "ஒரு சொட்டு ரத்தம் எடுத்தா முறியாதுன்னுட்டாரு. உசுருக்கு ஆபத்துன்னா நோன்ப வுட்டுட்டு அப்பறம் ஒரு நாளு வச்சிக்கலாமாம். அவரும் சர்க்கரைக்காரருதானாம்மா! அவருக்கும் சர்க்கரை பாக்கற மிஷினு ஒண்ணு வேணுமாம், எவ்ளோன்னு கேக்கச் சொன்னாரு."

பூங்காவனம் புதுக் கவர் எடுத்தார். காலை, இரவு என்ற சொற்களையே எழுதவில்லை. "சஹர் சாப்பாட்டோடு அரை. நோன்பு திறந்து சாப்பிடும்போது ஒன்று." பாய் சத்தமாகப் படித்துக் காட்டினார். ஷரீஃபுன்னிசாவையும் படிக்கச் சொன்னார் பூங்காவனம்.

முதல் பத்து நோன்பு நன்றாகப் போயிற்று. சோதித்த எண்ணைப் பாய் வாட்சப்பில் படமெடுத்து அனுப்பிவிடுவார். நூற்றுப் பத்து, தொண்ணூற்றெட்டு, நூற்று முப்பது. பதினோராவது நாள் ஒரு லோடு அவசரமாக வந்து, ரெக்சின் ரோலைத் தூக்கிவிட்டார். நாலு நாற்பதுக்குப் போன் வந்தது.

"அறுபத்தாறு காட்டுதும்மா."

"திரும்பக் குத்திப் பாத்தீங்களா?"

"பாத்தேன். அறுபத்தஞ்சு. மயக்கம்லாம் இல்ல, கை மட்டும் லேசா ஆடுது. இன்னும் ஒண்ணே முக்கா மணி நேரந்தான். படுத்துகினா போய்டும்."

கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். பூங்காவனம் கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தார். விட்டுவிடுங்கள் என்று அவர் சொன்னால் பாய் வாதாடுவார், அது தெரியும்.

"டாக்டரு சீட்டு கிட்ட கீதா பாய்? கடைசி வரிய மட்டும் படிங்க."

போனில் காகிதம் புரளும் சத்தம். பிறகு மெதுவாக, "எழுபதுக்குக் கீழ வந்தா எத்தன மணி ஆனாலும்..." என்று படித்தவர் பாதியில் நின்றார். எதிர்முனையில் ஷரீஃபுன்னிசாவின் குரல் கேட்டது. "இந்தாங்க, சர்க்கரை கரைச்சிட்டேன். பிஸ்மி சொல்லிக் குடிங்க." பிறகு டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம்.

"குடிச்சிட்டாரும்மா" என்றார் ஷரீஃபுன்னிசா. "அழுவுறாரு. இருக்கட்டும், போன தபா மாரி சாயாம உக்காந்துகினு அழுவுறாரு இல்ல."

கால் மணி நேரம் கழித்து நூற்று நாலு என்று படம் வந்தது. டாக்டர் ஜெபா சஹர் மாத்திரையை மீதி நாட்களுக்கு நிறுத்திவிட்டார். ரோல் தூக்குவதற்குப் பாய் ஓர் ஆள் வைத்துக்கொண்டார். மற்ற நோன்புகளை எல்லாம் முழுசாகப் பிடித்தார்.

பெருநாள் முடிந்த இரண்டாவது வியாழக்கிழமை, விட்டுப்போன அந்த ஒரு நாளையும் வைத்தார். பூங்காவனத்திடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. மதியம் வழக்கமான நேரத்துக்குப் படம் வந்தபோது, நோன்பு முடிந்த பிறகு எதற்கு அனுப்புகிறார் என்று முதலில் அவருக்கு விளங்கவில்லை. நூற்றுப் பன்னிரண்டு. கீழே பாய் குரலில் ஒரு பதிவு இருந்தது. "கணக்கு சரியாப் போச்சும்மா. சாய்ந்தரம் கஞ்சி அனுப்பறேன், தூக்கு கழுவி வையி."

"இன்னா, பேஷன்ட்டு பாஸாயிட்டாரா?" என்றார் மனோகரன்.

"ஆயிட்டாரு சார்" என்று சொல்லிவிட்டு, பூங்காவனம் தூக்கைத் தேடி உள்ளே போனார்.