வட்டமும் முக்கோணமும்

நீரேற்று நிலையத்தில் எல்லோரும் அவரை மோட்டார்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓடும் சத்தத்தை வைத்தே மோட்டார் நலமாக இருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று சொல்லிவிடுவார். அவரிடம் இருந்த ஒரு குறை மனைவிக்கு மட்டும்தான் தெரியும். சிவப்பும் பச்சையும் அவர் கண்ணுக்கு ஒன்றுதான். இரண்டும் ஏதோ ஒரு மங்கிய பழுப்பு. மனைவி துணிக்கடையில் வேலை பார்ப்பவர். கல்யாணமான புதிதில், ஒரு காலில் பச்சை, மறு காலில் சிவப்பு என்று காலுறை மாட்டிக்கொண்டு இவர் வேலைக்குக் கிளம்பியபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. அன்றிலிருந்து இவருடைய துணிமணிகள் மனைவியின் பொறுப்பு.

முன்பெல்லாம் வேலையில் நிறத்துக்கு இடமே இல்லை. மோட்டார் கொட்டகையில் இருக்கும் அழுத்தமானியின் முள் எல்லைக்கோட்டைத் தாண்டினால் மோட்டாரை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். பிறகு கொட்டகைக்குத் தள்ளி ஓர் அறை கட்டி, லினக்ஸ் என்ற இயங்குதளம் போட்ட கணினி ஒன்றை வைத்தார்கள். திரையின் மேல்பட்டையில் ஒரு சின்னப் புள்ளி. குழாயில் அழுத்தம் சரியாக இருந்தால் பச்சை, எல்லை மீறினால் சிவப்பு. இனி யாரும் முள்ளைப் பார்க்க நடக்க வேண்டாம் என்று இன்ஜினியர் மேடம் சொன்னபோது மற்றவர்களுக்கு நிம்மதி. இவருக்கு மட்டும் கவலை.

உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்தார். எண்ணெய் பார்க்கிறேன், பூட்டுப் பார்க்கிறேன் என்று ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தபடி இருந்தார். வீட்டுக் கணினியில் அதே லினக்ஸையும் புள்ளியைக் காட்டும் நிரலையும் போட்டு, அமைப்புகளில் புகுந்து நிறங்களை மாற்றிப் பார்த்தார். பட்டை மாறியது, எழுத்து மாறியது, பின்னணி மாறியது. புள்ளி மட்டும் அசையவில்லை. அதன் நிறம் மூல நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது.

அந்த நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்று அறிந்தபோது அவருக்கு உயிர் வந்தது. நிரல் எழுதிப் பழக்கமில்லை. இணையத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் கேட்டுக் கேட்டு, ஒரு வரியைத் தொட்டால் பத்துப் பிழை முளைக்க, முட்டி மோதித் தன் எண்ணத்தை நிறைவேற்றினார். அழுத்தம் மீறினால் பச்சை வட்டம் சிவப்பு முக்கோணமாகும். நிறம் சரிதானா என்று மனைவி பார்த்துச் சொன்னார். நிலையத்துக் கணினியின் கடவுச்சொல் சுவரிலேயே ஒட்டியிருந்தது. யாரிடமும் கேட்காமல் அங்கேயும் தன் திருத்தத்தை ஏற்றினார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மேலிடத்தில் மாற்றியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம், வீட்டில் அந்தப் புள்ளியை இன்னும் கொஞ்சம் பெரிதாக்க உட்கார்ந்தார். சாப்பிடப் போய்த் திரும்பியபோது திரை தானாகப் பூட்டியிருந்தது. திறந்து, சோதனைக்காக அழுத்தத்தைப் பொய்யாக ஏற்றினார். வட்டம் வட்டமாகவே நின்றது. மனைவியைக் கூப்பிட்டார்.

“இப்போ என்ன கலர்?”

“பச்சைதான். ஏன், மாறணுமா?”

திரை ஒருமுறை பூட்டித் திறந்துவிட்டால், அதன்பின் புள்ளி எதற்கும் மாறாது. அவர் செய்த திருத்தத்தில் அப்படி ஓர் ஓட்டை. நிலையத்திலும் இதே நிரல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று பணியில் இருந்தவருக்கு ரேடியோ என்று பட்டப்பெயர், வாய் ஓயாது. அவருடைய கைபேசி பிஸியாகவே இருந்தது. மோட்டார்காரர் வண்டியை எடுத்தார். வழியில் தரையில் ஈரத்தைப் பார்க்கும்போதெல்லாம் குழாய் வெடித்துவிட்டதோ என்று தோன்றியது. அவசரமாக முடுக்கியதில் சிக்னலில் வண்டி இரண்டு தடவை நின்றுபோனது.

அறைக்குள் ரேடியோ கைபேசியில் மச்சானோடு பேசிக்கொண்டிருந்தார். திரையில் வட்டம். இவர் நேரே கொட்டகைக்கு ஓடினார். உள்ளே நுழையும்போதே மோட்டாரின் குரல் கனத்திருந்தது. முள் கோட்டைத் தாண்டி நின்றது. சுவிட்சைக் கீழே இறக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். முள் மெதுவாக இறங்கி முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னாலேயே ஓடிவந்த ரேடியோவிடம் எல்லாவற்றையும் சொன்னார். ரேடியோவின் முகம் வெளுத்துவிட்டது.

“பச்சையா இருக்குன்னுதானே நான் நம்பி உக்காந்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே.”

மறுநாள் காலையில் இன்ஜினியர் மேடத்திடம் அவரே போய்ச் சொன்னார். மேடம் குரலை உயர்த்தவில்லை. அதுவே அவருக்கு இன்னும் உதறலாக இருந்தது.

“நிறம் தெரியலைங்கறது உங்க தப்பில்ல. யார்கிட்டயும் கேக்காம அதுல கை வெச்சீங்களே, அதுதான் தப்பு. மேல என்ன சொல்லுவாங்கன்னு எனக்கே தெரியல.”

மேலிடம் முடிவெடுக்கும்வரை தெருத்தெருவாகக் குழாய்க் கசிவு பார்க்கும் வேலைக்கு அவரை அனுப்பினார்கள். கைபேசி அடித்தாலே தூக்கிவாரிப் போட்டது. சாப்பாடு இறங்கவில்லை. பாதி உடம்பாகிவிட்டார் என்று மனைவி கவலைப்பட்டார். வேலை போனால் துணிக்கடையில் மடித்துவைக்க ஆள் தேடுகிறார்கள், நிறம் பிரிக்கிற வேலையை மட்டும் கேட்டுவிடாதீர்கள் என்றார் ஒருநாள். அவருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் முழுதாக வரவில்லை.

கடைசியில் அவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். முறையாக நிரல் எழுதுகிறவர்கள் அந்த ஓட்டையை அடைத்து, முக்கோணத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கூடவே ஒரு மணியோசையும் சேர்த்திருந்தார்கள். அறையில் அவர் தனியாக இருக்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

திரும்பி வந்த அன்று ரேடியோவின் பக்கத்தில் உட்கார்ந்து, திரையைப் பூட்டினார், திறந்தார். சோதனைக்காக அழுத்தத்தைப் பொய்யாக ஏற்றச் சொன்னார். முக்கோணம் வந்தது, மணி அடித்தது. மறுபடி பூட்டினார். எத்தனை தடவை செய்தும் அவருக்குத் திருப்தி வரவில்லை. ரேடியோ தடுக்கவில்லை, ஒவ்வொரு தடவையும் சலிக்காமல் அழுத்தத்தை ஏற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.