இருசப்பன் தொண்டை கட்டியதால் கிடைத்த கொப்பரை

பாகூர்ப் போலீஸ்காரர் இருசப்பன் வாக்குமூலம் வாங்கினால் செலியமேட்டுச் சாலை வரைக்கும் கேட்கும். ஆட்டைப் பறிகொடுத்த ஒருவர், அவர் போட்ட அதட்டலில், தன் ஆட்டைத் தானே திருடியதாக ஒப்புக்கொண்டு கைநாட்டு வைத்துவிட்டுப் போனதுண்டு.

1934ஆம் வருஷம் வைகாசியில் தையலம்மாள் வந்தாள். அவளுடைய வெல்லம் காய்ச்சும் கொப்பரையைப் பட்டப்பகலில் யாரோ தூக்கிப் போய்விட்டார்கள்.

"திருடன் மொவத்தப் பாத்தியா? ஆமாவா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

"இல்லீங்க, ஆனா..."

"அப்ப உனக்கு ஒண்ணும் தெரியாது. போ."

அடுத்த வாரம் வில்லியனூர்த் தேர். மூன்று நாள் கூட்டத்தை ஒதுக்கக் கத்தியதில் இருசப்பனுக்குத் தொண்டை அடியோடு கட்டிக்கொண்டது. தையலம்மாள் மறுபடி வந்தபோது அவரால் வாயைத்தான் திறக்க முடிந்தது. பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவள் கொஞ்ச நேரம் பயந்து பார்த்தாள். பிறகு தானே தொடங்கினாள்.

"அன்னிக்குத் தலவலிங்க. உள்ள படுத்துக்கினு இருந்தேன். வாசல்ல மொளகா காயப்போட்டிருந்தேன். யாரோ மூணு தும்மு தும்முனாங்க. ஒவ்வொண்ணுக்கும் 'பெருமாளே'ன்னாங்க..." சட்டென்று நிறுத்தினாள். "ஐயய்யோ! அது என் கொழுந்தன் பலராமன் பழக்கமாச்சே!"

இருசப்பன் ஓடினார். பலராமன் வீட்டுக் கொல்லையில் கொப்பரை கவிழ்ந்து கிடந்தது. ஆளைக் காணோம். கொப்பரை தும்மியது. "பெருமாளே" என்றது.

மேலதிகாரியான கொமிசேர் துரை எல்லாவற்றையும் கேட்டு வியந்துபோனார். இனிமேல் பறிகொடுத்தவரோ சாட்சியோ பேசும்போது போலீஸ்காரர் வாயில் ஒரு மடக்குத் தண்ணீர் வைத்திருக்க வேண்டும், பேசி முடித்த பிறகே துப்ப வேண்டும் என்று உத்தரவு போட்டார். தொண்டை சரியான இருசப்பனுக்கு அது நரக வேதனை. முதல் வாரம் ஒரு குடம் தண்ணீரை விழுங்கியிருப்பார். ஆனால் களவு போன பொருள்கள் ஒன்றொன்றாகக் கிடைக்கத் தொடங்கின.

இரண்டு வருஷம் கழித்து இருசப்பனின் சைக்கிளே காணாமல் போனது. புகாரை எழுத உட்கார்ந்த இளம் போலீஸ்காரன் உலகநாதன் கன்னம் உப்ப அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏதாச்சும் கேளுய்யா!" என்று கத்தினார் இருசப்பன்.

உலகநாதன் தலையை மட்டும் ஆட்டினான்.

வேறு வழியில்லாமல் இருசப்பன் காலையில் நடந்ததிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தார். கஞ்சி குடித்தது, பாகூர் ஏரிக்கரை வழியாக வந்தது, வெயில், தாகம், கள்ளுக்கடை, சைக்கிளைப் பனைமரத்தில் சாய்த்தது. அங்கே நிறுத்தினார். பிறகு எழுந்து, யாரையும் பார்க்காமல், கள்ளுக்கடையை நோக்கி நடந்தார்.

உலகநாதனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. புகார்ப் புத்தகம் முழுக்க நனைந்துவிட்டது.