நாலாவது நகலில் செத்தவர்

வாசிக்கும்போது சுவக்கீனின் கண் காகிதத்தில் இருக்காது, கேட்கிறவர்கள் முகத்தில் இருக்கும். யாருக்காவது கண் கலங்குகிறதா என்று மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு சுற்றுப் பார்ப்பார். கலங்கவில்லையென்றால் போச்சு. "ம்ஹூம், அழுகை வரலை. இன்னொரு நகல் போடணும்" என்று எழுதியதை அடித்துவிடுவார்.

வண்டிப்பெரியாரில் பஸ் நிற்கிற இடத்தில் மொய்துவின் டீக்கடை. அதன் முகப்பில் கள்ளிப்பெட்டி போட்டு உட்கார்ந்து, தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதுதான் அவர் தொழில். முதல் நகல் பழைய சினிமா நோட்டீசின் முதுகில், பென்சிலில். எத்தனை நகல் போனாலும் சரி, அழுகை வந்த பிறகுதான் மைக்கூடு திறக்கும். சின்ன வயதில் கோயிலில் பெரிய வெள்ளிக்கிழமை வாசகம் வாசித்து ஊரையே விசும்ப வைத்தவராம். அந்த ருசி லேசில் விடுமா? மொய்து அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்தால் ஒப்புக்கொள்ள மாட்டார். "புகையில வந்த கண்ணீரு செல்லாதுவே. வெளிய வந்து கேளும்" என்பார்.

ஐம்பத்துநாலாம் வருஷம், மழைக்கு இரண்டு வாரம் இருக்கையில், பெரியமுத்துவும் அவர் மனைவி அழகுத்தாயும் வந்தார்கள். தோட்டத்து லயத்து வரிசைவீடுகளில் அவர்கள் வீட்டுத் தகரக்கூரை ஓட்டை. மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். "பிள்ளை பொறக்குறதுக்குள்ள தகரம் மாத்தித் தரச் சொல்லி துரைக்கு எழுதுங்க அண்ணாச்சி. வேற ஒண்ணும் வேணாம்" என்றாள் அழகுத்தாய்.

கூரை ஒழுகுகிறது என்றது முதல் நகல். ஒருவர் கண்ணும் கலங்கவில்லை. அந்த மலையில் யார் வீட்டுக் கூரைதான் ஒழுகவில்லை! இரண்டாவதில் பெரியமுத்துவுக்கு இருமல் வந்தது. மூன்றாவதில் இருமலோடு ரத்தமும் வந்தது. மொய்துவின் உதடு லேசாகத் துடித்ததோடு சரி. நாலாவதில், நனையாத ஒரே மூலையை மகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, பெரியமுத்து கொட்டுகிற கோடை மழையில் செத்தே போனார். அடேயப்பா! கடை மொத்தமும் குலுங்கி அழுதது. பஸ் கண்டக்டர் விசில் ஊத மறந்தார். பெரியமுத்துவே துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு, "பாவி மனுசன், இப்பிடியா சாகணும்" என்று தேம்பினார்.

மொய்து மட்டும் மூக்கைச் சிந்திக்கொண்டே, "ஏனுங்க, அந்த ஆளு இங்கயே நிக்கறாருங்களே?" என்று கேட்டார்.

"மனுவுல அதெல்லாம் பாக்கப்படாதுவே" என்றார் சுவக்கீன். அழகுத்தாய் கண்ணைத் துடைத்த கையோடு விதவையாகக் கைநாட்டு வைத்தாள்.

மனு பலித்துவிட்டது. அங்கேதான் வந்தது வினை. துரை மனம் கலங்கி, விதவைக்கு ஒரு புதுக் கம்பளி கொடுத்தனுப்பினார். கூடவே ஒரு நோட்டீசும் வந்தது. யார் பேரில் வீடோ அவர் போனால் வீடும் போகும் என்பது தோட்டத்துச் சட்டம்; சனிக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிட்டபோது பெரியமுத்துவின் பேரே இல்லை. "நான் இங்கனதான நிக்கேன் சாமி!" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினார். பெரிய கிளார்க் ரத்தினசாமி அசையவில்லை.

"எழுத்துல செத்துருக்க. எழுத்துலதான் உசுரோட வரணும். நாளைக்குள்ள ரெண்டு வரி எழுதிக் கொண்டா, நோட்டீசக் கிழிச்சிருதேன். மறுபடி கதை கிதை எழுதுனா துரைகிட்டப் போயிரும். அப்புறம் என்னால ஒண்ணும் ஆகாது."

வெள்ளிக்கிழமை மத்தியானம் இருவரும் மலையிறங்கி ஓடிவந்தார்கள். "அண்ணாச்சி, நெறமாசப் பிள்ளைய வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?" என்று அழகுத்தாய் கேட்டதும் சுவக்கீன் பென்சிலை எடுத்தார். அவமானத்தில் முகம் சிறுத்துப்போனது. ஆனாலும் கை சொன்ன பேச்சைக் கேட்க வேண்டுமே! முதல் நகலில் பெரியமுத்து மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார். சுவக்கீனே அதை அடித்தார். இரண்டாவதில் செத்தது இரட்டைப் பிறவி அண்ணன். "எனக்கு ஏதுங்க அண்ணன்?" என்றார் பெரியமுத்து. அதையும் அடித்தார். அப்புறம் வெறும் இரண்டே வரி எழுதினார்.

'ஐயா, பெரியமுத்துவாகிய நான் சாகவில்லை, மனு எழுதியவர் பொய் எழுதிவிட்டார். கூரை ஒழுகுவது மட்டும் நிஜம்.'

வாசித்தார். ஒருவரும் அழவில்லை. "அவ்வளவுதானா?" என்று கண்டக்டர் பஸ்ஸுக்குப் போய்விட்டார். சுவக்கீன் தவிப்போடு அழகுத்தாயைப் பார்த்தார்.

"இது போதும் அண்ணாச்சி" என்று கும்பிட்டாள் அவள்.

சுவக்கீன் பெரியமுத்துவின் கட்டைவிரலைத் தானே பிடித்து மையில் ஒற்றி, காகிதத்தில் அழுத்தி, மடித்துக் கொடுத்து, "நிக்காதீக, ஓடுங்க!" என்று விரட்டினார். இருவரும் தோட்டத்துப் பாதையில் ஏறினார்கள். பாதி மேடு ஏறியிருக்க மாட்டார்கள், சுவக்கீன் பெட்டியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"மொய்து! நல்லதா ஒரு வரி வந்துட்டுவே! ஓடிப்போய்ச் சேத்துருவேன், என்னைப் பிடிச்சுக்கிடும்!" என்று கத்திக்கொண்டே, கடைத் தூணை இரண்டு கையாலும் இறுகக் கட்டிக்கொண்டார்.